நாலு லிட்டர் தடித்த எண்ணெய்

பிப்ரவரி 2, ஞாயிறு

கம்பெனி கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் முதலாளி படம், அடுத்த பக்கத்தில் எங்கள் டேபிள் டாப் கிரைண்டர் படம். ஜனவரி முழுக்க வெறுமையாகக் கிடந்தது. கிரைண்டர் விற்பனை மேலாளரின் வாழ்க்கையில் எழுதி வைக்கும்படி என்ன நடந்துவிடப் போகிறது? இன்று நடந்துவிட்டது. கோகிலா கார் வாங்கி வந்துவிட்டாள்.

'நாங்கள் வாங்கினோம்' என்று எழுதத்தான் கை போகிறது. டைரியிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவள்தான் பார்த்தாள், அவள்தான் ஓட்டிப் பார்த்தாள், அவள்தான் கையெழுத்துப் போட்டாள். நான் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

சிவப்பு நிறம். டர்போ எஞ்சின். பின்னால் இரண்டு புகைக்குழாய். வண்டிக்கு வயது ஏழு, வாங்கியவளுக்கு நாற்பத்தொன்பது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவளுக்கு இது எதற்கு என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். போன வருடம் பிள்ளைகளைச் செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனாள். அங்கே யாரோ டீச்சரையும் ஒரு ரவுண்டு உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். டீச்சர்தான் இன்னும் திரும்பவில்லை.

இந்த மாதம் 23ஆம் தேதி அதே தடத்தில் பெண்களுக்கான நேரப் போட்டி. ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும், யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பெயர் கொடுத்துவிட்டாள்.

மாலையில் என்னை உட்காரவைத்து அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஒரு வீச்சு போய் வந்தாள். இருபத்தைந்து வருடமாக நான்தான் ஓட்டுவேன், அவள் இடது பக்கம் உட்கார்ந்து வருவாள். இன்று இடம் மாறியது. என் வலது கால் தானாகவே பிரேக்கை அமுக்கி அமுக்கி, தரைவிரிப்பு சுருண்டு போய் முன்னால் ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இறங்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. சீட்டு மிகவும் தாழ்வு. கொஞ்ச நாளைக்கு அந்த வண்டியில் உட்காருவது என் முதுகுக்கு ஆகாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆயில் இலாகா என்னிடம் வந்திருக்கிறது. "போட்டிக்கு முன்னால எஞ்சின் ஆயில், கியர் ஆயில் ரெண்டும் மாத்தோணும். எது நல்லதுன்னு நீங்க பாத்து வைங்க" என்றாள் கோகிலா. பள்ளியில் அடங்காத பையனை லீடர் ஆக்குவது போல இது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

படித்தேன். ஆயில் டப்பாவில் 5W-30, 5W-40 என்றெல்லாம் போட்டிருக்கிறது. முதல் எண் குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் தொழிலில் சொன்னால் முதலாவது தோசை மாவுப் பக்குவம், இரண்டாவது இட்லி மாவுப் பக்குவம். ஒரே மாவு இரண்டுக்கும் ஆகவேண்டும் என்பதுதான் சிக்கல். வண்டியின் கையேட்டில் 5W-30 அல்லது 5W-40, முழு சிந்தெடிக், நாலு லிட்டர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். ஒரு வரியில் முடிகிற விஷயமென்றால் எனக்கு எதற்கு இலாகா?

டர்போ என்பது ஒரு சின்னக் காற்றாடி. எஞ்சினிலிருந்து வரும் புகையே அதைச் சுற்றுகிறது, அது எஞ்சினுக்குள் காற்றை அடைக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல். அந்த அச்சைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டும்தான். எங்கள் கிரைண்டர் கல் சுற்றுகிற வேகத்தை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

முக்கியமான தகவல்: வேகமாக ஓட்டி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் டர்போவில் இருக்கிற எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிப்போகும். ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட்டு, சூடு ஆறிய பிறகுதான் சாவியைத் திருப்பவேண்டும்.

பிப்ரவரி 8, சனி

கோகிலா முதல் பயிற்சிக்குப் போனாள். நான் போகவில்லை. முதுகு.

போன நேரத்தில் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். அடித்த பிறகுதான் கவனித்தேன், போன தீபாவளிக்குத்தான் அடித்திருந்தேன்.

சாயங்காலம் வண்டி போர்ட்டிகோவில் ஏறியதும் ஓடினேன். "ஆஃப் பண்ணாத! ஒரு நிமிசம்!" என்று கத்தியபடி வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். முகமெல்லாம் வியர்வை. இவ்வளவு சிரித்த முகத்தைப் பார்த்து நாளாயிற்று.

"வெளிய நின்னு என்ன பண்றீங்க, உள்ள வந்து உக்காருங்களேன். இன்னிக்கி என்ன ஆச்சுன்னு சொல்றேன்."

"நேரம் பாக்கணுமல்ல."

"வாட்ச் உள்ளயும் ஓடும்ங்க."

முதுகைக் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆனதும் கையைக் காட்டினேன், எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி உள்ளே போனாள். என்ன ஆச்சு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

டர்போ வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். 'எந்த ஆயில் நல்லது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காலை எட்டு மணிக்குக் கேட்டது, மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள், ஒருவர் இன்னொருவரின் தகப்பனாரை இழுத்துவிட்டார். 5W-30 கட்சி, 5W-40 கட்சி என்று இரண்டு. நடுவில் ஒரு பெரியவர் 'விளக்கெண்ணெய்க்கு ஈடு உண்டா?' என்று கேட்டு, எல்லோரையும் தனக்கெதிராக ஒன்றுசேர்த்தார்.

ஒருவர் மட்டும் தன் அனுபவத்தைச் சொன்னார். கடைக்காரன் பேச்சைக் கேட்டு 20W-50 ஊற்றினாராம், அந்தக் கால வண்டிகளுக்குப் போடும் கெட்டி எண்ணெய். வண்டி மந்தமாகிவிட்டது, பாய்ச்சலே போச்சு, மாட்டு வண்டி மாதிரி ஆகிவிட்டது என்று அழுதிருந்தார். இந்தத் தகவலைத் தனியாகக் குறித்து வைத்தேன். காரணம் எதுவும் இல்லை. தகவல் என்றால் குறித்து வைக்க வேண்டியதுதானே.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று காதலர் தினமாம். ஆயில் ஃபில்டர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இருவத்தஞ்சு வருசத்துல நீங்க குடுத்த உருப்படியான பொருள் இதுதானுங்க" என்றாள்.

பிப்ரவரி 15, சனி

இரண்டாவது பயிற்சி. முதுகு. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஹெல்மெட் போட்டிருக்கும்போது எப்படி எடுப்பாள் என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டு நாலாவது முறையும் செய்தேன். வந்து சேர்ந்தாள். ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கி வண்டி அரைவட்டம் அடித்து மணலில் போய் நின்றதாம். பேப்பர் திருத்தியதைச் சொல்வது போலச் சொன்னாள். பம்பரில் இன்னும் மணல் இருந்தது. நான் பிரஷ் எடுத்துவந்து அந்த மணலையெல்லாம் தட்டிவிட்டேன். ஒரு பொட்டு இல்லாமல் தட்டிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம நீங்க வந்து நின்னாப் போதுமுங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா நின்னாப் போதும்" என்றாள்.

"கியர் ஆயில் இன்னும் முடிவாகல" என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நூறடி ரோட்டில் கடைக்குப் போனேன். கியர் ஆயிலில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று இரண்டு வைத்திருந்தார்கள். கையேட்டில் ஜி.எல்.4 என்றுதான் இருக்கிறது. ஆனால் நாலு பெரிதா ஐந்து பெரிதா? ஐந்தே வாங்கினேன். கணக்கு டீச்சர் புருஷன்.

எஞ்சினுக்கு 5W-40 நாலு லிட்டர் டப்பா ஒன்று, குறைந்தால் ஊற்ற ஒரு லிட்டர் டப்பா ஒன்று வாங்கினேன். பணம் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவன், திரும்பப் போய் 20W-50 நாலு லிட்டரும் வாங்கினேன். இதுவும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் பாதுகாப்பு என்று ஒரு கருத்து உண்டு. யாருடைய கருத்து என்று இப்போது நினைவில்லை.

பிப்ரவரி 19, புதன்

நாளை ஆயில் மாற்றவேண்டிய மெக்கானிக் ஜெரால்டு போன் செய்தார். கொழுந்தியாளுக்கு நிச்சயதார்த்தம், தூத்துக்குடி போகிறாராம். "சனிக்கெழமதான் வருவேன் சார். வந்த ஒடனே மாத்திரலாம், கவலப்படாதீங்க" என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜெரால்டு நல்ல மனிதர், ஆனால் டப்பாவைப் பார்த்தால் கேள்வி கேட்பார்.

பிப்ரவரி 20, வியாழன்

முதுகுவலி என்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காருக்கு அடியில் படுத்தேன்.

கோகிலா ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போயிருந்தாள். இரும்புச் சாய்தளம் இரண்டை வாடகைக்கு எடுத்து வண்டியை ஏற்றினேன். அடியில் ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்துக் கழற்றினேன். எண்ணெய் கொட்டியது. என்ன நிறம்! மலைத்தேன் போல இருந்தது. ஏழு வருடம் ஓடிய எஞ்சினில் இவ்வளவு சுத்தமான எண்ணெய் என்றால், பழைய சொந்தக்காரர் ஒரு மகான். பூண்டு அழுகியது போல ஒரு வாடை மட்டும் வந்தது. மகான்களுக்கும் ஏதாவது குறை இருக்கும்.

நாலு லிட்டர் வரவேண்டிய இடத்தில் இரண்டு லிட்டர்கூட வரவில்லை. டர்போ வண்டிகள் ஆயில் குடிக்கும் என்று குழுவில் சொன்னது சரிதான். ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதை அடுத்த முறை பார்க்கலாம்.

போல்ட்டை முறுக்கிவிட்டு மேலே வந்து எஞ்சின் மூடியைத் திறந்தேன். இரண்டு டப்பாக்களும் பக்கத்தில் இருந்தன. 20W-50ஐ எடுத்தேன். வெயில் அதிகம்.

நாலு லிட்டரையும் ஊற்றிவிட்டு அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டையும் தாண்டி எண்ணெய் எங்கேயோ நிற்கிறது. கெட்டி எண்ணெய் இறங்க நேரமாகும். விடிந்தால் சரியாகிவிடும்.

கியர் ஆயிலை மாற்றத் தெம்பு இல்லை. இப்போது முதுகு நிஜமாகவே வலிக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கோகிலா வண்டியைக் கிளப்பினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு குழாயிலும் புகை. வெள்ளையும் நீலமுமாகத் தெருவே மறைந்தது. எதிர்வீட்டு அம்மா, "கொசு மருந்து அடிக்கறாங்க, கதவச் சாத்து!" என்று மருமகளிடம் கத்தியது கேட்டது. கோகிலா உடனே எஞ்சினை நிறுத்தினாள். ஒரு நிமிடம் ஓடவிடு என்று நான் சொல்லவில்லை.

குச்சியை உருவிப் பார்த்தாள். மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். ஒரு விரலைத் தொட்டு முகர்ந்தாள்.

"ஏனுங்க, இது கியர் ஆயிலுங்க."

"எஞ்சினுக்கு அடியில இருந்துதான வந்துச்சு."

"எஞ்சினுக்குப் பக்கத்துல இருந்து வந்திருக்குது. கியர்பாக்ஸக் காலி பண்ணிப்போட்டு, ஏற்கெனவே நெறஞ்சு நிக்கற எஞ்சினுக்கு மேல இன்னும் நாலு லிட்டர ஊத்தியிருக்கறீங்க. நான் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா ரெண்டும் போயிருக்கும்."

நான் மகானை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் குப்பைக் கூடையில் இருந்த காலி டப்பாவை எடுத்தாள். 20W-50. உடைக்காத 5W-40 டப்பா அலமாரியிலேயே இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு டீச்சரிடம் விடை மட்டும் எழுதித் தப்பிக்க முடியாது, வழிமுறை கேட்பாள்.

"நல்லது கையில இருக்கறப்ப இத ஏன் ஊத்துனீங்க?"

"வெயிலு..."

"ஏன் ஊத்துனீங்க?"

"வண்டி கொஞ்சம் மெதுவாப் போகும்னு சொன்னாங்க" என்றேன்.

கோகிலா கோபத்தில் கத்துகிறவள் அல்ல. டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இருவத்தஞ்சு வருசம் உங்க பக்கத்துல உக்காந்து வந்தனுங்க. நீங்க லாரிய முட்டற மாதிரி ஓவர்டேக் பண்ணுவீங்க, நான் சாமியக் கும்புட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாளாச்சும் உங்க வண்டில எதையாச்சும் கொட்டி வெச்சனா? பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு நாலு லிட்டரு எண்ணெ வாங்கணுமா?"



சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து அவளே அடியில் படுத்தாள். கறுப்பும் புதுசும் கலந்து வாளி வாளியாக எண்ணெய் வந்தது. ஃபில்டர் இருந்த இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் டார்ச் பிடித்தேன். "போல்ட்டுக்கு அடிங்க, என் மூஞ்சிக்கு அடிக்காதீங்க" என்றாள். ஜி.எல்.5 டப்பாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். கியரை வழுக்காமல் பிடித்து மாற்றிக் கொடுக்க உள்ளே பித்தளை வளையங்கள் இருக்கின்றனவாம். இந்த ஐந்தாம் நம்பர் எண்ணெயில் அவை வழுக்கும், போகப் போக அரித்தும் போகுமாம். அவளே கடைக்குப் போய் ஜி.எல்.4 வாங்கிவந்தாள்.

கை கழுவும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஞாயித்துக்கெழம நீங்க வரவேண்டாம்."

பிப்ரவரி 22, சனி

எஞ்சினில் 5W-40. கியர்பாக்ஸில் ஜி.எல்.4. வீட்டில் பேச்சு இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நான் எழுவதற்குள் போய்விட்டாள். ஹாட்பாக்ஸில் இட்லி வைத்திருந்தாள், தொட்டுக்கொள்ளச் சட்னி வைக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது என்று புரிந்தது. பொடி போட்டுச் சாப்பிட்டேன்.

கேட்டுக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. தொட்டி சுத்தமாக இருக்கிறது. வீட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அலமாரியில் அந்த ஒரு லிட்டர் 5W-40 டப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தது. குறைந்தால் ஊற்ற வாங்கியது. போட்டி நடக்கும் இடத்தில் குறைந்துவிட்டால்? டர்போ வண்டிகள் ஆயில் குடிக்கும். டப்பாவை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு செட்டிபாளையம் கிளம்பினேன்.

வாசலில் ஒருவர் நிறுத்தினார். "பாஸ் இருக்குதுங்களா?"

டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். "ஆயிலுங்க."

"எந்த டீமு?"

"கோகிலவாணி டீமு."

வழிவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டீமில் சேர்ந்தேன், அதுவும் கேப்டனுக்குத் தெரியாமல்.

டயர் அடுக்கிய சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். சிவப்பு வண்டி வரிசையில் நின்றிருந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. கொடி அசைந்தது, கிளம்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடலாம், காதை என்ன செய்வது? டர்போவின் விசில் சத்தம் ஏறி ஏறி வந்தது. ஒவ்வொரு கியரும் கடக்கென்று ஒரே தட்டில் விழுந்தது. பித்தளை வளையங்கள் எண்ணெயில் சரியாகப் பிடிக்கின்றன என்று நினைத்தேன். நினைத்ததும் கண் திறந்துகொண்டது.

வளைவில் வந்துகொண்டிருந்தாள். கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் கைவீச்சில் வட்டம் போடுவாள், பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதைப் போல வண்டியைத் திருப்பினாள். மூன்றாவது வளைவில் பின்பக்கம் வழுக்கியது. புழுதி எழுந்தது. என் வலது கால் தரையை அமுக்கியது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நேராகி, போய்விட்டது.

எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அவ்வளவு பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

நேரத்தைப் பலகையில் போட்டார்கள். முதலிடம் இல்லை, கடைசியும் இல்லை. நடுவில் எங்கேயோ இருந்தாள். அவள் வகுப்பில் 'முயற்சி செய்தால் முன்னேறலாம்' என்று எழுதிக் கொடுக்கும் இடம்.

வண்டி உள்ளே வந்து நின்றது. டப்பாவோடு போனேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள், என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதுவும் கத்தவில்லை, வாட்சைப் பார்க்கவில்லை. அவளே நிறுத்தாமல்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு குறுக்கே சாய்ந்து இடது பக்கக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள்.

"முதுகு எப்படி இருக்குதுங்க?"

"முதுகுக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது" என்றேன். "ஆரம்பத்துல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியுமுங்க."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீட்டு அவ்வளவு ஒன்றும் தாழ்வு இல்லை. கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த சத்தம் குறைந்தது, எஞ்சின் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"கோகிலா, எனக்குப் பயமா இருக்குது."

"எப்பத்துல இருந்து?"

"அன்னிக்கி மேம்பாலத்துல இருந்து."

கையுறையைக் கழற்றி என் மடியில் இருந்த டப்பாவின் மேல் வைத்தாள்.

"எனக்குந்தானுங்க" என்றாள். "அந்த மூணாவது வளைவுல உயிரே போயிருச்சு. அதச் சொல்றதுக்கு நீங்க இல்லையேன்னுதான் மொதல்ல நெனச்சேன்."

பிறகு மூன்றாவது வளைவை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்த இடத்தில் பிரேக்கை விட்டாள், பின்சக்கரம் எப்போது வழுக்கியது, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாள் என்று இரண்டு கைகளாலும் காற்றில் வரைந்து காட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் சாவியைத் திருப்பவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.